‘மிஸ்ஸம்மா’வின் வலக்கால் மச்சம்

தெலுங்குக் காதல் நகைச்சுவைப் படங்களைப் பற்றிப் பேசுவோர் ‘மிஸ்ஸம்மா’வைக் குறிப்பிடாது விடுவது அரிது. நாகிரெட்டியும் சக்ரபாணியும் தயாரிக்க, எல்.வி. பிரசாத் இயக்கிய அப்படம் 1955 ஜனவரி 12ஆந் திகதி வெளிவந்தது. அதே மாதத்தில் ‘மிஸ்ஸியம்மா’ எனத் தமிழிலும் வந்தமையால் தமிழ்ச் சுவைஞரும் அதனைத் தமதெனவே கொள்வர். ஆயினும் அதன் முடிவு பாராட்டுக்குரியதன்று.

படத்தின் தொடக்கம் துணிவானது. ராவும் (என்.டி. ராமராவ்) மேரியும் (சாவித்திரி) வேலையற்ற பட்டதாரிகள். அவன் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண். அவளது குடும்பம் பட்ட கடனைக் காட்டி, டேவிட் என்பவன் அவளை மணக்க நெருக்குகிறான். ஜமீந்தார் ஒருவரின் பாடசாலைக்கோ கணவன் மனைவியரான ஆசிரியர் இருவர் தேவை. வயிற்றுப்பாட்டிற்காக இருவரும் தம்பதியராய் நடிக்கின்றனர். இங்கே சிரிப்பை விளைவிப்பது வேலையில்லாத் திண்டாட்டமே. அவ்வீட்டாரின் இந்துச் சம்பிரதாயங்கள் கண்டு மேரி சீறுவதும், ராவ் சமாளிக்கத் திணறுவதும், பொய்த் தாம்பத்தியம் மெல்ல மெல்ல மெய்க்காதலாய்க் கனிவதும் சாவித்திரியின் நடிப்பில் உயிர்பெறுகின்றன. (பின்வந்த காதல் நகைச்சுவைகள் பல இதன் காற்றூசி பெறா.)

இந்து இளைஞனும் கிறிஸ்தவப் பெண்ணும் தத்தம் மதத்தில் நின்றே மணக்கலாமா? இவ்வினாவைப் படமே எழுப்புகிறது. விடை கூறவேண்டிய கட்டத்திலோ துப்பறிவாளன் ராஜூ (அக்கினேனி நாகேஸ்வரராவ்) முன்வருகிறான். மேரியின் வலக்காலில் ஒரு மச்சம்! அவள் ஜமீந்தாரின் காணாமற்போன மகள் மகாலட்சுமியாம். பிறப்பால் அவளும் இந்துவே என்றானபின் வினாவுக்கு இடமேது? நெடுங்காலம் வளர்த்த கிறிஸ்தவப் பெற்றோரின் அன்பும், அவளே உறுதியாய்ப் பற்றிநின்ற நம்பிக்கையும் அம்மச்சத்தின் முன் எடையற்றுப் போயின. வேலைக்காகச் சொன்ன பொய்யும் வம்சத்தின் உண்மையால் மன்னிக்கப்பட்டுவிடுகிறது. வறுமையால் பொய் சொன்னவள் ஜமீன் வாரிசாகிவிட்டாளன்றோ!

நகைச்சுவைப் படத்திற் கொள்கை தேடலாமா என்பர் சிலர். வேலையின்மையைச் சிரிப்பினூடே இத்துணைக் கூர்மையாய்க் காட்ட வல்ல படத்தை விளையாட்டுப் பொருளெனத் தள்ளுவதே அதனை இழிவுபடுத்துவதாகும். அக்காலச் சமூகம் இதற்குமேற் பொறுக்காது என்பர் வேறு சிலர். இவ்வாதம் ஆராயத்தக்கது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்துவும் கிறிஸ்தவரும் மணஞ்செய்ய வேண்டின் தத்தம் மதத்தை மறுத்துரைத்தல் வேண்டும். இந்தியப் பாராளுமன்றம் 1954இல் நிறைவேற்றிய விசேட திருமணச் சட்டம் அந்நிபந்தனையை நீக்கிற்று. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1955 ஜனவரி முதலாந் திகதி; படம் திரைக்கு வந்ததோ பதினொரு நாள் கழித்து. சட்டமியற்றியோர் துணிந்த இடத்திற் கலைஞர் பின்வாங்கினர்.

அவசரத்தில் நேர்ந்த பிழையெனவும் இதனைக் கொள்வதற்கில்லை. 1957இல் அதே இயக்குநர் இந்தியில் ‘மிஸ் மேரி’யை எடுத்தார். மீனாகுமாரி நடித்த அம் மேரியும் மேரியாகவே மணமேடை ஏற அனுமதிக்கப்படவில்லை.