எந்தப் படியில் நின்றது?

பென் டிரைவைச் செருகியாயிற்று. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாயிற்று. லினக்ஸ் வருமென்று காத்திருந்தவர் முன்னால் வழக்கம்போல விண்டோஸே வந்து நிற்கிறது. இரண்டாவது முறை வெறும் கறுப்புத் திரை. மூன்றாவது முறைக்குப் பிறகு பெரும்பாலும் தீர்ப்பு வந்துவிடுகிறது: "பெட்டி பழசு, தாங்காது." இன்னும் சில வருடம் உழைத்திருக்கக்கூடிய ஒரு கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் புறப்படுகிறது.

இப்படிப் புறப்படக் காத்திருக்கும் பெட்டிகள் இப்போது ஏராளம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சிப். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. 2013-ல் வாங்கிய மூன்றாம் தலைமுறை கோர் ஐ3 லேப்டாப்புக்கு அங்கே இடமில்லை. ஆனால் புதியவர்கள் அதிகம் நாடும் லினக்ஸ் மின்ட்டுக்கு 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி டிஸ்க் இடமும் போதும். 4 ஜிபி இருந்தால் சௌகரியம். ஆக, பெட்டியின் வலு பிரச்னையல்ல. வேலை எந்தப் படியில் நின்றது என்று பார்க்காததுதான் பிரச்னை.

படிகள் ஐந்து. ஃபைலை இறக்குவது, அதைப் பென் டிரைவில் எழுதுவது, பெட்டி அந்த பென் டிரைவைக் கண்டுகொள்வது, திரை உயிர்பெறுவது, கடைசியாக ஹார்ட் டிஸ்க்கில் பதிவது. இதில் முதல் மூன்று படிகள் முடியும்வரை லினக்ஸ் ஓடவே ஆரம்பிப்பதில்லை. ஆனாலும் அங்கே நேரும் கோளாறுகளுக்கும் பழியைச் சுமப்பது அதுதான்.

ஃபைல் முழுதாக இறங்கியதா என்பதற்கு எஸ்எச்ஏ256 என்ற சோதனை உண்டு. இறக்கிய ஃபைலுக்குக் கிடைக்கும் 64 இலக்கக் குறியீடு, லினக்ஸ் தளத்தில் கொடுத்திருப்பதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். அடுத்ததாக, அந்த ஐஎஸ்ஓ ஃபைலைப் பாட்டு, படம்போல இழுத்துப் போட்டால் பென் டிரைவ் பூட் ஆகாது. ரூஃபஸ், எட்சர் போன்ற ஒரு கருவியால் எழுத வேண்டும். அப்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

பென் டிரைவ் சரி, ஆனாலும் விண்டோஸே வருகிறது என்றால் மூன்றாம் படி. பெட்டியைப் போட்ட மறுகணமே பூட் மெனுவுக்கான பொத்தானைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய், எஃப்12 மெனுவை முதலில் இயக்கிவைக்க வேண்டியிருக்கும். விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியால் பெட்டி பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். ஆகவே 'ரீஸ்டார்ட்' கொடுப்பதே உசிதம்.

அந்த மெனுவிலும் பென் டிரைவ் தென்படவில்லையா? வேறு துளையில், முடிந்தால் பழைய யுஎஸ்பி 2.0 துளையில் செருகிப் பார்க்கலாம். பென் டிரைவை எழுதிய விதமும் காரணமாகலாம். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறை வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பரவலானது. அதற்கு முந்தைய பயாஸ் பெட்டிக்கு, ரூஃபஸில் எம்பிஆர் என்பதைத் தேர்ந்து எழுத வேண்டும். புதிய வகைப் பெட்டியில் ஒரே பென் டிரைவ் இரண்டு வரிகளில் தெரிந்தால், விண்டோஸ் எந்த முறையில் ஓடுகிறதோ அதே வரியைத் தேர்வது நல்லது. முறை மாறினால், எல்லாம் முடிந்த பிறகு பெட்டி புதிய லினக்ஸைக் கண்டுகொள்ளாமல் முரண்டுபிடிக்கலாம்.

லினக்ஸ் மெனு வந்து, அதன்பின் திரை இருண்டால் அது நான்காம் படி. பெரும்பாலும் வில்லன் கிராஃபிக்ஸ் சிப்தான். மின்ட் மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்ற வரி இதற்காகவே இருக்கிறது. மற்ற லினக்ஸ்களில் மெனு தெரியும்போது 'இ' எழுத்தைத் தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் சேர்த்து, எஃப்10 தட்டினால் பெரும்பாலும் திரை வந்துவிடும். சிப் 64 பிட் அல்ல என்று செய்தி வந்தால் மட்டுமே பெட்டி உண்மையிலேயே பழசு. அப்போதும் 2023-ல் வெளியான டெபியன் 12-ல் 32 பிட் பதிப்பு உண்டு.

திரை வந்ததும் 'இன்ஸ்டால்' பக்கம் கை போகக் கூடாது. லினக்ஸ் இப்போது பென் டிரைவிலிருந்தே ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க்கைத் தொடவில்லை. ஒலி, வைஃபை எல்லாவற்றையும் சோதிக்க இதுவே சமயம். வைஃபை வராவிட்டால் செல்போனைக் கேபிளில் இணைத்து அதன் நெட்டைக் கடன் வாங்கி, வேண்டிய டிரைவரை இறக்கலாம்.

கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். தேதி பல வருடம் பின்னால் இருந்தால் இணையதளங்கள் 'பாதுகாப்பில்லை' என்று மறுக்கும். புதிய மென்பொருளும் இறங்காது. நெட் பழுது என்று நாள்கணக்கில் தேடுவார்கள். குற்றவாளி, மதர்போர்டில் செத்துக் கிடக்கும் சிஆர்2032 என்ற சின்ன பேட்டரி. பழைய பெட்டிகளில் பயாஸில் செய்த மாற்றங்கள் மறந்துபோவதற்கும் இதுவே காரணம். மாற்ற ஆகும் செலவு அற்பம்.

இதுவரை எந்தத் தப்பு செய்திருந்தாலும் திரும்ப முதலிலிருந்து தொடங்கலாம். ஐந்தாம் படி அப்படியல்ல. 'டிஸ்க்கை அழித்துப் பதி' என்பதும் 'விண்டோஸோடு சேர்த்துப் பதி' என்பதும் திரையில் பக்கத்துப் பக்கத்து வரிகள். முதலாவதைத் தேர்ந்து உறுதிசெய்தால் பத்து வருடக் கல்யாண ஆல்பமும் கணக்கு வழக்கும் குழந்தையின் முதல் நடையும் போயே போயிற்று. ஆகவே அதற்கு முன்னால் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் நாலைந்து படங்களைத் திறந்தும் பார்த்துவிட வேண்டும். விண்டோஸ் எழுந்திருக்கவே மறுக்கும் பெட்டியிலும், ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தால், பென் டிரைவ் லினக்ஸிலிருந்தே இந்த நகலை எடுக்கலாம்.

அப்படியும் சிக்கினால், உதவி கேட்கப் போகும் முன் கடைசியாகத் திரையில் வந்த செய்தியைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்வது நல்லது. "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டரும் மருந்து எழுத மாட்டார். "லினக்ஸ் வரவில்லை" என்பதும் அப்படித்தான். எந்தப் படியில் நின்றது என்று சொன்னால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. காயலான் கடை எங்கேயும் ஓடிவிடாது.