ஜூலையில் வென்றது செப்ரெம்பரில் கைகொடுத்தது: புளூ ஜேய்ஸின் முதலிடமும் நாமும்

கடந்த ஞாயிற்றுக்கிழமை, செப்ரெம்பர் 28ஆம் திகதி, ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணி ரம்பா பே ரேய்ஸ் அணியை 13-4 என்ற கணக்கில் தோற்கடித்து, அமெரிக்கன் லீக்கின் கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. 2015ஆம் ஆண்டுக்குப் பிறகு இப்போதுதான் இந்த இடம் கிடைத்திருக்கிறது. கடந்த வருடம் இதே அணி 74 வெற்றி, 88 தோல்வியுடன் இதே பிரிவில் கடைசி இடத்தில் இருந்தது.

அன்று அதே நேரத்தில் நியூயோர்க்கில் யாங்கீஸ் அணியும் பால்ரிமோர் அணியை 3-2 என வென்றது. முடிவில் இரண்டு அணிகளும் 94 வெற்றி, 68 தோல்வி என்று ஒரே கணக்கில் நின்றன. ஆனாலும் முதலிடம் ரொறன்ரோவுக்கு வந்தது. இது எப்படி என்று எமது வீடுகளில் பெரியவர்கள் பலர் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிரிக்கெற்றோடு வளர்ந்த எங்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் புதியது. அதை முதலில் பார்ப்போம்.

கணக்கு எப்படி வந்தது?

பேஸ்போல் பருவகாலத்தில் ஒவ்வொரு அணியும் ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. புள்ளிகள் கிடையாது, வெற்றியும் தோல்வியும் மட்டுமே கணக்கு. ஓர் அணி இன்னோர் அணியைவிட எத்தனை 'ஆட்டம்' பின்னால் நிற்கிறது என்பதை அறிய, வெற்றிகளின் வித்தியாசத்தையும் தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் பிரிக்க வேண்டும்.

செப்ரெம்பர் நடுப்பகுதியில் புளூ ஜேய்ஸ் 5 ஆட்டம் முன்னால் நின்றது. பிறகு 7 ஆட்டங்களில் 6இல் தோற்றது. அதில் ஒன்று கன்சாஸ் சிற்றியில் 20-1 என்ற படுதோல்வி. அங்கே கடைசி ஆட்டத்தில் 8-5 என வென்றதால் அடுத்த சுற்றுக்கு இடம் உறுதியாயிற்று. ஆனால் அதன் பின் பொஸ்ரனிடம் அடுத்தடுத்து இரண்டு தோல்வி. 24ஆம் திகதி இரவு இரு அணிகளும் 90-68 எனச் சமமாகிவிட்டன. தலா நான்கு ஆட்டங்களே மிச்சம்.

பழைய ரசிகர்களுக்கு அன்று 1987 ஞாபகம் வந்திருக்கும். அந்த வருடம் 3½ ஆட்டம் முன்னால் நின்ற புளூ ஜேய்ஸ் கடைசி ஏழு ஆட்டங்களையும் தொடர்ந்து இழந்து, முதலிடத்தை டிற்றொயிற் அணியிடம் பறிகொடுத்தது. இம்முறை அப்படி நடக்கவில்லை. மிச்சமிருந்த நான்கையும் ரொறன்ரோ வென்றது. யாங்கீஸும் நான்கையும் வென்றது. சமநிலை அப்படியே இருந்தது.

முன்பெல்லாம் இப்படிச் சமமானால் 163ஆவது ஆட்டம் ஒன்று வைத்துத் தீர்ப்பார்கள். 2022இல் அந்த முறையை நீக்கிவிட்டார்கள். இப்போது இரு அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டங்களில் யார் அதிகம் வென்றார்கள் என்று பார்க்கிறார்கள். இந்த வருடம் ரொறன்ரோவும் நியூயோர்க்கும் 13 தடவை மோதின. 8 வெற்றி ரொறன்ரோவுக்கு, 5 நியூயோர்க்குக்கு. இதில் ரொறன்ரோவின் கை ஓங்கியது ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை ரொறன்ரோவில் நடந்த நான்கு ஆட்டத் தொடரில். நான்கையும் ரொறன்ரோ வென்றது. கனடா தினத்தன்று ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் இரண்டு ஹோம் ரன் அடித்து, தனியொருவராக 7 ஓட்டங்களை அணிக்குச் சேர்த்துக் கொடுத்த 12-5 வெற்றியும் அதில் அடங்கும்.

அந்த நான்கில் ஒன்றை மட்டும் இழந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ரொறன்ரோ 93, நியூயோர்க் 95. சமநிலை என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. விடுமுறை நாளில் இறைச்சி வாட்டிக்கொண்டு அரைக்கண்ணால் பார்த்த ஓர் ஆட்டம் மூன்று மாதம் கழித்து முதலிடத்தைத் தீர்மானித்திருக்கிறது.

இதே விதி நாஷனல் லீக்கிலும் வேலை செய்தது. ஜூன் நடுப்பகுதியில் எல்லா அணிகளுக்கும் மேலே நின்ற நியூயோர்க் மெற்ஸ், கடைசி நாளில் தோற்று, சின்சினாற்றியுடன் 83-79 எனச் சமமாகி, நேரடி மோதல் கணக்கில் வெளியேறியது. கிளீவ்லன்ட் அணியோ ஜூலையில் 15½ ஆட்டம் பின்னால் நின்று, டிற்றொயிற்றை முந்திப் பிரிவை வென்றது. இவ்வளவு தூரம் பின்னாலிருந்து வந்து முதலிடம் பிடித்த அணி இதற்கு முன் இல்லை.

முதலிடம் ஏன் இவ்வளவு முக்கியம்?

அடுத்த சுற்றுக்கு எப்படியும் தகுதி பெற்றாயிற்று, முதலிடம் வந்தால் என்ன, நான்காமிடம் வந்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். வித்தியாசம் பெரிது. ஒவ்வொரு லீக்கிலிருந்தும் ஆறு அணிகள் போகின்றன. பிரிவுகளை வென்றவற்றில் முதல் இரண்டு அணிகள் முதற்சுற்று ஆடத் தேவையில்லை. மற்ற நான்கும் மூன்று ஆட்டத் தொடர் ஒன்றில் மோத வேண்டும். இரண்டு நாள் சரியாக ஆடாவிட்டால், ஆறு மாத உழைப்பு அத்தோடு முடிந்தது.

இந்தக் குறுந்தொடர்தான் ரொறன்ரோவின் கண்டம். 2020இல் ரம்பா பே, 2022இல் சியாற்றில், 2023இல் மினசோற்றா: மூன்று தடவையும் 2-0 எனத் தோல்வி. ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. 2022இல் ஓர் ஆட்டத்தில் 8-1 என முன்னால் நின்றும் தோற்றார்கள். இந்தத் தடவை அந்தக் குழியைத் தாண்டி நேரே ஐந்து ஆட்டத் தொடருக்குப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை தொடங்கும் யாங்கீஸ் - பொஸ்ரன் தொடரில் வெல்பவர் சனிக்கிழமை, ஒக்ரோபர் 4ஆம் திகதி, ரொறன்ரோவுக்கு வரவேண்டும்.

கவலைக்கும் இடமிருக்கிறது. செப்ரெம்பர் 6ஆம் திகதி நியூயோர்க்கில் மோதி முழங்கால் அடிபட்ட போ பிஷெற் இன்னும் திரும்பவில்லை. கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆடாமல் இருப்பது உடம்புக்கு நல்லது. துடுப்பின் வேகத்துக்கு நல்லதா என்பது போகப்போகத்தான் தெரியும். ஆனால் இந்த அணி பந்தை வீணாக்காமல் தொடர்ந்து அடித்து ஆடும் அணி. அப்படிப்பட்ட அணி ஒரு வீரரை மட்டும் நம்பி நிற்பதில்லை. கடைசி நாளில் வெற்றியைத் தொடக்கிவைத்தது 500 மில்லியன் டொலர் ஒப்பந்தக்காரர் குவரேரோ அல்ல. முதல் இன்னிங்ஸிலேயே நான்கு ஓட்டங்களைத் தந்த ஹோம் ரன் அடித்த மெக்சிக்கோக்காரர் அலஹான்ட்ரோ கேர்க்.

எங்களுக்கு இதில் என்ன?

எம்மவரில் பெருந்தொகையானோர் இந்த நகருக்கு வந்து சேர்ந்தது எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும். 1992லும் 1993லும் புளூ ஜேய்ஸ் உலகத் தொடரை வென்றபோது, அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வருமா என்று காத்திருந்தவர்கள், இரவு வேலை முடிந்து ஒரு அறையில் ஐந்தாறு பேராக இருந்தவர்கள், வெளியே ஹோர்ன் சத்தம் எதற்கு என்று விளங்காமல் கேட்டிருக்கிறார்கள். அந்த வெற்றி எங்கள் தெருவில் நடந்தது; எங்களுடையதாக இருக்கவில்லை.

மறுபக்கம் எங்களுக்கு நன்கு தெரிந்த விளையாட்டு கிரிக்கெற். இலங்கை அணி 1996 மார்ச்சில் உலகக் கிண்ணத்தை வென்றது. அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், 1995 ஒக்ரோபர் இறுதியில், வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுவாசலை விட்டு வெளியேறியிருந்தார்கள். அரவிந்த டி சில்வாவின் சதத்தை இரசித்தவர்களும் எம்மில் இருந்தார்கள், தொலைக்காட்சியை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். இரண்டுமே ஒரே வீட்டில் நடந்ததுண்டு. முரளிதரன் பந்து வீசும்போதெல்லாம் அந்த விவாதம் திரும்ப எழுந்தது. கைதட்டுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியிருந்த ஒரு சனம் நாங்கள்.

எமது பிள்ளைகளுக்கு அந்த யோசனை இல்லை. அவர்கள் நீல நிறத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போகும்போது யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இதை நாம் சிறிய விடயமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பிள்ளைகள் வேர்களை மறக்கிறார்கள் என்று இதைப் பார்த்துக் கவலைப்படுபவர்கள் இருக்கிறார்கள். தயக்கமின்றி ஓர் அணியைத் தம்முடையது என்று சொல்ல முடிகிற பிள்ளைக்கு, தாய் தகப்பன் ஏன் அப்படிச் சொல்ல முடியாமல் இருந்தார்கள் என்று விளக்குவது எளிது என்றே நாம் நினைக்கிறோம். கேட்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான் எங்கள் வேலை.

இந்த அணிக்கும் ஊர் இல்லாத காலம் ஒன்று இருந்தது. கோவிட் காலத்தில் எல்லை மூடப்பட்டதால் 2020 முழுவதும் ரொறன்ரோவில் ஆட முடியவில்லை. 2021இல் புளோரிடாவின் டனீடனிலும், பிறகு பஃபலோவிலும் 'சொந்த மைதானம்' வைத்து ஆடி, ஜூலை 30ஆம் திகதிதான் வீடு திரும்பினார்கள். அந்த வருடம் 91 வெற்றி பெற்றும் ஒரே ஒரு ஆட்டத்தால் வாய்ப்பை இழந்தார்கள். வீடு இல்லாமல் ஆடுவது என்ன விலை கேட்கும் என்பது எங்களுக்குப் புதிய பாடமல்ல.

ஒரு எச்சரிக்கை

கனடாவை அமெரிக்காவின் 51ஆவது மாநிலம் என்று பேசிய, வரி விதித்த ஆண்டு இது. அதனால் இந்த ஒக்ரோபரில் நாட்டுப்பற்று இன்னும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் காசு பார்க்கவும் ஆட்கள் இருப்பார்கள். அணி, மைதானம், ஒளிபரப்பு மூன்றும் ஒரே நிறுவனமான றொஜர்ஸின் கையில். அதைவிடக் கவனிக்க வேண்டியது சூதாட்டம். 2022 ஏப்ரல் முதல் ஒன்ராறியோவில் தனியார் இணையப் பந்தய நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. ஒவ்வொரு ஒளிபரப்பிலும் அவர்களின் விளம்பரம் வருகிறது. 162 ஆட்டத்தின் கணக்கை விளங்கிக்கொண்ட இளைஞனுக்கு, அடுத்த பந்தையும் கணித்துவிடலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. 5 ஆட்ட முன்னிலை எட்டே நாளில் காணாமல் போனதை இந்த மாதம்தான் பார்த்தோம். அதைச் சொல்லியே பிள்ளைகளுடன் இதைப் பேசலாம்.

சனிக்கிழமை ஆட்டத்தைப் பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். விதிகளை அவர்கள் சொல்லித் தரட்டும். 1992இல் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதை நீங்கள் சொல்லுங்கள். ஐந்து ஆட்டத் தொடரில் எதுவும் நடக்கலாம். வந்தாலும் போனாலும், முதலிடம் பிடித்து வீட்டில் காத்திருக்கும் உரிமையை இந்த அணி ஆறு மாதம் உழைத்துத்தான் பெற்றிருக்கிறது.