நிழலுக்கு மூன்று பெயர்



விரிஞ்சிபுரம் என்றால் மதிலழகு என்பது நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. சென்ற மாதம் அந்த மதிலுக்குள்ளே, மார்க்கபந்தீஸ்வரர் கோயில் பிராகாரத்தில், நேரம் காட்டும் கல்லைச் சுற்றி முப்பது பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அழைத்து வந்தவர்கள் பி.எட். பயிற்சி மாணவிகள் மூவர். ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய சார்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் கல்லின் பள்ளத்தில் ஈர்க்குச்சியை வைத்தார். நிழல் விழுந்த கோட்டைப் பார்த்த பையன் ஒருவன், நம்பாமல் பயிற்சி ஆசிரியையின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

பாடம் முடிந்ததும் அவர்களோடு உட்கார்ந்து பேசினேன். ஒருவருக்கு ஆம்பூர், வீட்டில் உருது. ஒருவர் குடியாத்தம் பக்கம், வீட்டில் தெலுங்கு. இவருடைய அம்மா ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிறார். மூன்றாமவர் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து படிப்பவர். இந்தப் பாடத்தை முதலில் கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தலில் நடத்தினார்களாம். பி.எட். படித்தவர்களுக்கு அந்த முறை தெரியும்: சக மாணவர்களே பிள்ளைகளாக உட்காருவார்கள். 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் குறை நிறை, 12 நிமிடம் திருத்தம், மறுபடி 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் கருத்து. மொத்தம் 36 நிமிடம்.

பாடம் எடுத்தவர் 'நிழல்' என்று எழுதியதும், "எங்க வீட்டில இதை ஸாயான்னு சொல்வோம்" என்றார் ஆம்பூர் மாணவி. "எங்களுக்கு நீட" என்றார் அடுத்தவர். மூன்றும் கரும்பலகையில் ஏறின. நம் பழைய 'நீழல்' அந்த 'நீட'வுக்கு உடன்பிறப்பு என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்ததாம். பிறகு மலைக்காரப் பெண் கேட்டிருக்கிறார்: "எங்க ஊர்ல மலையைத் தாண்டிச் சூரியன் வரவே நேரமாகும். அதுவரைக்கும் இந்தக் கல் என்னக்கா பண்ணும்?" பாடக்குறிப்பில் அதற்குப் பதில் இல்லை. அந்த 12 நிமிடத்தில் குறிப்பைத் திருத்தினார்கள். கோயிலில் ஒரு சிறுமி "மேகம் வந்துட்டா?" என்று கேட்டபோது பதில் தயாராக இருந்ததை நான் என் காதால் கேட்டேன்.

இதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தேன். பி.எட். வகுப்பில் யார் யார் சேர்கிறார்கள் என்றால் உடனே இட ஒதுக்கீட்டுக் கணக்குக்குப் போய்விடுகிறோம். அந்தக் கணக்கு தேவையானது. 69 விழுக்காடு இல்லாவிட்டால் இந்த மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்களா என்பது சந்தேகம். அதிலும் பழங்குடியினருக்கு நூற்றுக்கு ஒரு இடம். ஒரு பிரிவுக்கு 50 பேர் என்னும்போது மலைப்பிள்ளை ஒருவர்கூட இல்லாத வகுப்புகள் எத்தனையோ இருக்கும். அந்த வகுப்பிலிருந்து வரும் ஆசிரியரிடம் மலைக்குப் பின்னால் இருக்கும் சூரியனைப் பற்றி யார் கேட்டிருப்பார்கள்?

சேர்ந்த பிறகு நடப்பதிலும் எனக்குக் கவலை உண்டு. நுண்ணிலைக் கற்பித்தலுக்குக் குழு பிரிக்கும்போது விடுதிப் பிள்ளைகள் ஒரு பக்கம், உருது பேசுபவர்கள் ஒரு பக்கம், ஆங்கில வழியில் படித்தவர்கள் ஒரு பக்கம் என்று தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். தன் வீட்டுப் பேச்சைப் பேசுபவருக்கே பாடம் நடத்திப் பழகியவர், நாளை ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ வேறு வீட்டுப் பேச்சோடு வரும் பிள்ளையின் முன் நின்று திணறுவார். 2015-இல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்துக்கே போகிறது. போவதற்கு முன் குழுவைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள் என்று பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பணம் வேண்டாம், அரசாணையும் வேண்டாம்.

நம் வாசகர்களில் ஆசிரியர்கள் நிறைய. உங்கள் பி.எட். வகுப்பில், உங்களிடம் பிள்ளையாக உட்கார்ந்து, பதில் தெரியாத கேள்வி கேட்ட தோழரோ தோழியோ இருப்பார். அவரைப் பற்றி ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். உருதிலோ தெலுங்கிலோதான் எழுத வரும் என்றால் அப்படியே அனுப்புங்கள், நாங்கள் தமிழாக்கிக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்