மெத்தை வாங்கினால் மட்டும் போதுமா?

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வருகிறீர்கள். மாத்திரைச் சீட்டு பத்திரமாகக் கையில் இருக்கிறது. பிசியோதெரபிக்கு யார் வருவார் என்று விசாரித்தாகிவிட்டது. காலையில் கஞ்சியா, இட்லியா என்பது வரை பேசி முடித்தாயிற்று. சரி... இனி அவர் நாள் முழுக்கப் படுக்கப்போகிற மெத்தையைப் பற்றி யாராவது யோசித்தீர்களா?

'அதான் வீட்ல இலவம்பஞ்சு மெத்தை இருக்கே!' என்பதுதான் பல வீடுகளில் வருகிற பதில். சில நாட்கள் கழித்து, இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, உரிந்து, புண்ணான பிறகுதான் கடைக்கு ஓட்டம். 'ஏர் பெட் இருக்கா? சீக்கிரம் கொடுங்க!'

இந்த வரிசை தலைகீழானது என்பதுதான் என் கட்சி. மெத்தை புண்ணை ஆற்றுகிற மருந்து அல்ல. புண் வராமல் தடுக்க உதவும் சாதனம். நோயாளி வீட்டுக்கு வருமுன்பே அது கட்டிலில் தயாராக இருக்க வேண்டும்.

படுக்கைப் புண் ஏன் வருகிறது? நாம் தூக்கத்தில்கூட நம்மை அறியாமல் புரண்டு படுக்கிறோம். பக்கவாதம் வந்தவருக்கோ, தண்டுவடத்தில் அடிபட்டவருக்கோ அது முடிவதில்லை. உறுத்துகிறது என்ற உணர்ச்சியும் பலருக்கு இருக்காது. எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவே தோலும் சதையும் நசுங்கி, ரத்த ஓட்டம் தடைபடுகிறது. சில மணி நேரம் அப்படியே கிடந்தால் போதும், அந்த இடம் சாக ஆரம்பித்துவிடும். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கங்கள், குதிகால், கணுக்கால், பின்மண்டை இவையெல்லாம் ஆபத்தான இடங்கள். வெளியே எட்டணா அளவு தெரியும். உள்ளே எலும்பு வரை குழி பறித்திருக்கும்!

'சூப்பர்மேன்' படங்களில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995-ல் குதிரையிலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். பணத்துக்கோ பராமரிப்புக்கோ அவருக்குக் குறைவில்லை. ஆனாலும் 2004 அக்டோபரில், படுக்கைப் புண்ணில் ஏற்பட்ட தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்தபோதுதான் இதயம் நின்று இறந்துபோனார். 'சின்னப் புண்தானே' என்று இனியும் சொல்வீர்களா?

எந்த மெத்தையை வாங்குவது? விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோயாளியைப் பாருங்கள். கை, கால் ஒரு பக்கம் மட்டும் விழுந்து, மறுபக்கத்தால் ஓரளவு புரள முடிகிறவருக்கு, அமுங்கிப்போகாத நல்ல தரமான ஃபோம் மெத்தையே பெரும்பாலும் போதும். ரொம்ப மெத்தென்று இருந்தால் அவரால் ஊன்றி எழுந்து உட்காரவும் முடியாது, பயிற்சி கெட்டுப்போகும். கொஞ்சமும் அசைய முடியாதவர், மெலிந்து எலும்பு துருத்தியவர், சிறுநீர், மலம் அறியாமல் போகிறவர் - இவர்களுக்கு மோட்டார் வைத்த ஏர் பெட் நல்லது. அதிலுள்ள காற்றறைகள் மாறி மாறி உப்பி, இறங்குவதால் ஒரே இடத்தில் பாரம் நிற்காது. வாட்டர் பெட்டும் பாரத்தைப் பரப்பித் தரும். ஆனால் தண்ணீர் நிரப்பிவிட்டால் நகர்த்த முடியாத கனம். மழைக்காலத்தில் சில்லென்று இருக்கும். ஓட்டை விழுந்தால் வீடெல்லாம் வெள்ளம்!

ஏர் பெட் வாங்கும்போது, எத்தனை கிலோ எடை வரை தாங்கும் என்று கட்டாயம் கேளுங்கள். வீட்டில் அதை வெறும் கட்டில் பலகையில் போடாதீர்கள். சாதாரண மெத்தைக்கு மேல் விரியுங்கள். அவரைப் படுக்க வைத்ததும் ஒரு சோதனை: உங்கள் கையை விரித்து, அவருடைய இடுப்புக்கு நேர் கீழே, ஏர் பெட்டுக்கும் அடி மெத்தைக்கும் நடுவே நுழையுங்கள். ஒரு அங்குலமாவது காற்றின் மெத்து தெரிய வேண்டும். எலும்பு கையில் தட்டுப்பட்டால் அந்த மெத்தை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கரண்ட் போனால் மோட்டாரும் நின்றுவிடும். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் இணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, 'பிளாஸ்டிக் உறுத்துமே' என்று அதன் மேல் கனமான ஜமுக்காளத்தை மடித்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். போட்ட காசு வீண்! சுருக்கமில்லாத ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையமும் வேண்டாம். அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அமுக்கிவிடும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது. விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. மாநிறமோ கறுப்போ ஆனவர்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு உசத்தியான மெத்தையும் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்காது! 2019-ல் வெளியான இங்கிலாந்து ஆராய்ச்சி ஒன்றில், 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் காற்று மெத்தையையும் தரமான ஃபோம் மெத்தையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புண் வந்தவர்களின் எண்ணிக்கையில் சிறிய வித்தியாசம்தான். 1944-ல், ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் போரில் முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்களை லுட்விக் குட்மான் என்ற டாக்டர் காப்பாற்றியதற்கு முக்கியக் காரணம், இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை அவர்களைத் திருப்பிப் படுக்க வைத்ததுதான். மோட்டார் மெத்தையா இருந்தது அப்போது?

ஆகவே ஏர் பெட் வாங்கியாச்சு, கவலை விட்டது என்று இருந்துவிடாதீர்கள். இடம், வலம், மல்லாந்து என்று இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். தோலின் நிலைமையைப் பார்த்து டாக்டர் இந்த நேரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நாமாக விட்டுவிடக் கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் பாருங்கள். திருப்பும்போது தூக்கித் திருப்புங்கள். இழுத்தால் தோல் உரியும்.

சரி, இதையெல்லாம் யார் செய்வது? நம் வீடுகளில் இது மனைவி அல்லது மருமகள் தலையில்தான் விழுகிறது. புண் வந்துவிட்டால், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் 'சரியா கவனிக்கலை போலிருக்கு' என்று அவளையே குத்திக்காட்டுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் ஒரே ஆள் எத்தனை நாள் எழுந்திருக்க முடியும்? மகனும் பேரனும் முறை போட்டுக்கொள்ளட்டும். ஒரு நோட்டில், எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினோம் என்று எழுதி வையுங்கள்.

நல்ல மெத்தையைக் கட்டாயம் வாங்குங்கள். கூடவே, ராத்திரி இரண்டு மணி முறை யாருடையது என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்!