சண்டேசுவரருக்கு முன்னால்

போன வெள்ளிக்கிழமை லூயிஷம் பக்கம் நாங்கள் வழமையாகப் போகும் சிவன் கோயிலில், சுற்றிக் கும்பிட்டு முடித்துக் கடைசியாகச் சண்டேசுவரரிடம் வந்து நின்றோம். முன்னால் நின்ற அன்ரி ஒருவர் மூன்று தரம் கை தட்டினார். "அப்பா, இவருக்குக் காது கேக்காதா?" என்று என் எட்டு வயது மகன் கேட்டான். சத்தமாகத்தான் கேட்டான். அன்ரி திரும்பிப் பார்த்தார்.

நானும் சின்ன வயதில் அம்மா தட்டச் சொன்னதால் தட்டினவன்தான், காரணம் கேட்டதில்லை. சண்டேசுவரர் கோயில் சொத்துக்குப் பொறுப்பானவர். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் நிலத்தை வாங்குவதும் விற்பதும் இவர் பெயரில் நடந்திருக்கிறது. ஒன்றும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று வெறுங்கையைக் காட்டத்தான் இது. அவர் தியானத்தில் இருப்பவர், சத்தம் போடாமல் காட்டினாலே போதும் என்று சொல்பவர்களும் உண்டு. இவ்வளவும் சொன்னேன். அவன் விடவில்லை. "சரி, ஆர் இவர்?"

காரில் ஏறியதும் கதையைத் தொடங்கினேன். கும்பகோணத்துப் பக்கம், மண்ணியாற்றங்கரையில் சேய்ஞலூர் என்று ஓர் ஊர். அங்கே எச்சதத்தன் என்பவரின் மகன் விசாரசருமர், சின்னப் பெடியன். மாடு மேய்க்கிறவன் ஒரு பசுவை அடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், இனி நானே மேய்க்கிறேன் என்று ஊர் மாடுகளைப் பொறுப்பெடுத்தார். ஆத்தி மரத்தின் கீழ் மணலில் லிங்கம் செய்து, பசுக்கள் தாமாகச் சொரிந்த பாலை ஊற்றிப் பூசை செய்தார். பாலை வீணாக்குகிறான் என்று ஊரில் கதை வந்தது. அப்பா மரத்தில் ஒளிந்திருந்து பார்த்தார். பிறகு இறங்கி வந்து தடியால் மகனை அடித்தார்.

அந்த இடத்தில் எனக்குக் கதை நின்றுவிட்டது.

என் அப்பாவும் அடிப்பார். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, பகலில் குடி, எழும்பினால் அடி. போர், அகதி வாழ்க்கை, மொழி தெரியாத ஊர் என்று காரணங்கள் இப்போது விளங்குகின்றன. பதின்மூன்று வயதில் ஒன்றும் விளங்கவில்லை. இவரைப் போல் வரவே மாட்டேன் என்று மட்டும் நினைத்தேன். ஆனால் நினைத்தால் போதாது. எங்கள் ஐரி வேலையில் ஒரு பழக்கம் உண்டு: பழைய கோடை எழுதினவனைத் திட்டிக்கொண்டே அதைக் கொப்பி பண்ணிப் போடுவோம். இரண்டு கிழமைக்கு முன் தமிழ் வீட்டுப்பாடத்துக்கு மகனுடன் கத்தப் போய், கையை ஓங்கிவிட்டேன். அவன் இரண்டு கையாலும் தலையைப் பொத்தினான். நான் பொத்துகிற அதே மாதிரி. அவனுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடிக்கவில்லை. ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. (ஸ்கொட்லாந்தில் 2020இலிருந்தும் வேல்ஸில் 2022இலிருந்தும் பிள்ளையை அடிப்பது சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் 'நியாயமான தண்டனை' என்ற ஓட்டை இன்னும் இருக்கிறது. அதை நம்பிக் கை ஓங்குகிற ஆட்களில் நானும் ஒருவனா என்பதுதான் அன்றைய கேள்வி.)

கதையின் அடுத்த பகுதியை நான் முதலில் கேட்டது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், சைவநெறி வகுப்பில். சிவபெருமான் வந்து அந்தப் பெடியனை அணைத்து, இனி உனக்கு அப்பா நான்தான் என்கிறார். மற்றப் பிள்ளைகள் சோதனைக்குப் பாடமாக்கினார்கள். எனக்கு அது எனக்கே சொன்ன மாதிரி இருந்தது. அதுக்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் போய் இருப்பேன். தேவாரம் பாடத் தெரியாது, சும்மா இருப்பேன். வீட்டில் அடி நிற்கவில்லை. ஆனால் அப்பா என்றால் இப்படித்தான் என்ற எண்ணம் உடைந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராசேந்திர சோழன் கட்டிய கோயிலில் இந்தக் காட்சி சிற்பமாக இருக்கிறது. சிவன் தன் கையாலேயே பிள்ளையின் தலையில் மாலையைச் சுற்றுகிறார். நான் நேரில் பார்த்ததில்லை, படம் போனில் இருக்கிறது. தலைக்கு மேல் கை வரும்போது பிள்ளை பயப்படாமல் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறான்.

ஒன்று சொல்ல வேண்டும். இன்றைக்கு அடி வாங்குகிற பிள்ளையிடம் 'சாமியைக் கும்பிடு' என்று மட்டும் சொல்லி அனுப்புவது அநியாயம். சைல்ட்லைன் 0800 1111 என்ற எண்ணையும் சொல்லிக்கொடுங்கள். எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

கை ஓங்கின அடுத்த நாள் காலை, சாமியறையில் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். என் அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. சாமிக்கு முன்னால் நானும் ஒரு பிள்ளைதான் என்று நினைத்ததால்தான் அது வாயில் வந்தது. வேறெங்கும் வந்திருக்காது.

"பிறகு?" என்றான் பின் சீற்றிலிருந்து. அடித்தும் பிள்ளை அசையாததால் அப்பா பால்குடத்தைக் காலால் உதைத்தார். மகன் பக்கத்தில் கிடந்த கோலை எடுக்க, அது மழுவாக மாறியது. அப்பாவின் காலை வெட்டிவிட்டார். பதின்மூன்று வயதில் கதையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அதோடு நிறுத்திவிடுவேன். சேக்கிழார் அங்கே நிறுத்தவில்லை என்று பெரியபுராணத்தை உரையோடு வாசித்தபோதுதான் தெரிந்தது. மகனின் கையால் வெட்டுப்பட்டதால் அப்பாவின் குற்றமும் போய், அவரும் சுற்றத்தோடு சிவலோகம் போய்ச் சேருகிறார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவருக்கு எதுக்கு?

அதையும் மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"உங்கட அப்பா உங்களுக்கு அடிச்சவரா?"

"ஓம்."

"அப்பப்பாவுக்கு இந்தக் கதை தெரியுமோ?"

தெரியாது என்றுதான் நினைக்கிறேன் என்றேன். அப்பா குடியை விட்டுப் பல வருடம். தனியாக இருக்கிறார். நான் மாதத்துக்கு ஒருக்கால் சாமான் வாங்கிக்கொண்டு போய்க் கதவடியில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். மகனைக் கூட்டிப்போனது குறைவு.

"ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சொல்லட்டா?" என்றான்.

இன்று வியாழன். இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்கு போன் எடுத்து, ஞாயிறு வீட்டில் நிற்பீர்களா என்று கேட்டிருக்கிறேன்.