புள்ளிகள் சொல்லும் முத்துக் கதை

முத்துச் சலாபத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு என்பதே நமது கட்சி.

ஸாப்ட்வேர் எஞ்சினீயர்கள் ஓய்வு வேளையில் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். வறண்ட கணக்குகளை எடுத்து, சில வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதி, திரையில் சித்திரமாக்குகிறார்கள். இதை அற்பமென்று தள்ள வேண்டாம். கிரிமியா யுத்தத்தில் காயத்தைவிட நோயால் மாண்ட சிப்பாய்களே அதிகம் என்பதை, 1858-ல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வர்ணப் படம் போட்டல்லவா விளக்கினார்!

தூத்துக்குடி முத்துக் குளிப்பையும் அவ்விதம் வரைந்து பார்ப்போம். வருஷத்துக்கு ஒரு கட்டம். சலாபம் நடந்த வருஷத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. 1926 முதல் 1928 வரை புள்ளிகள் தெரிகின்றன. பிறகு நெடிய வெறுமை. 1955 முதல் 1961 வரை மறுபடி புள்ளி வரிசை. அப்புறம் இன்றுவரை ஒன்றுமில்லை.

அப்படியானால் கடலில் சிப்பியே அற்றுப்போயிற்றா? அல்ல. பார்களைச் சோதித்து, முற்றிய சிப்பி போதிய அளவு இருந்தால்தான் சர்க்கார் சலாபம் கூட்டுவது வழக்கம். 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியிலேயே சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினர். ஆகவே காலிக் கட்டம், 'சலாபம் நடக்கவில்லை' என்று மட்டுமே கூறும். 'இல்லை' என்பது வேறு. 'எடுக்கவில்லை' என்பது வேறு. இரண்டையும் ஒரே நிறத்தில் தீட்டினால் படம் அழகாயிருக்கும், பொய்யும் சொல்லும்.

நமது யுவர்களும் யுவதிகளும் இத்தகைய படங்கள் பல வரையட்டும். வரைந்தபின் கரையில் சங்கு குளிக்கும் பெரியவர்களிடம் காட்டி விசாரிக்கட்டும். கடலை அறிந்தவர்கள் திருத்திய பிறகே அப்படம் பூர்த்தியாகும்.