ஜேடிடி வெல்லும் என்று சொல்வது கணிப்பா?

வார இறுதி நெருங்கினால் ஜோகூர் பள்ளிகளின் சிற்றுண்டிச்சாலைகளில் ஒரே பேச்சுதான். இந்த வாரம் ஜேடிடி வெல்லுமா? எத்தனை கோல் அடிக்கும்? புலனக் குழுக்களிலும் இதே பேச்சு ஓடும். ஆட்டம் முடிந்ததும், "நான்தான் அப்போதே சொன்னேனே!" என்று ஒருவர் மார்தட்டுவார். அடுத்த வாரமும் அவரே மார்தட்டுவார்.

மாணவர்களே, அவரிடம் நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "நீ சொன்னது சரிதான். ஆனால், காற்பந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் சொல்லியிருந்தால் எத்தனை முறை சரியாக இருந்திருக்கும்?" இது காற்பந்துக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. எந்தக் கணிப்பையும் எடைபோடும்போது அறிவியல் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

ஜோகூர் டாருல் தக்சிம் குழு 2014 முதல் மலேசிய சூப்பர் லீக் வெற்றியாளர் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2024-2025 பருவம் வரை எண்ணினால் தொடர்ச்சியாக 11 முறை. 2015இல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்று, அந்தக் கிண்ணத்தைக் கைப்பற்றிய முதல் தென்கிழக்காசியக் குழு என்ற பெருமையையும் பெற்றது. இப்படிப்பட்ட குழு இஸ்கண்டார் புத்ரியிலுள்ள தன் சொந்த அரங்கில் ஆடும்போது, "ஜேடிடி வெல்லும்" என்று சொல்வதற்கு ஓர் ஆட்டக்காரரின் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாரந்தோறும் அதையே சொன்னாலும் பருவ முடிவில் பெரும்பாலான கணிப்புகள் சரியாகவே இருக்கும். குழுவின் திறமையைத் தம் அறிவுக் கணக்கில் எழுதிக்கொள்கிறார் நம் நண்பர், அவ்வளவுதான்.

96.6 விழுக்காடு சரி, ஆனாலும்...

இதே சிக்கல் வானிலை அறிவியலிலும் ஒருமுறை எழுந்தது. 1884இல், அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில் பணியாற்றிய ஜான் ஃபின்லி என்பவர், டொர்னாடோ எனப்படும் கொடிய சுழற்காற்று வருமா வராதா என்று கணிக்கத் தொடங்கினார். மொத்தம் 2,803 கணிப்புகள். அவற்றில் 96.6 விழுக்காடு சரியாக அமைந்தன. கேட்டால் வியப்பாக இருக்கிறது, இல்லையா?

ஆனால், அந்த 2,803 முறைகளில் டொர்னாடோ உண்மையில் வந்தது 51 முறை மட்டுமே. அப்படியானால், எந்தக் கருவியும் இல்லாமல், வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஒவ்வொரு முறையும் "வராது" என்று சொல்லியிருந்தால் 2,752 முறை சரியாக இருந்திருக்கும். அது 98.2 விழுக்காடு! கில்பர்ட் என்ற புவியியல் ஆய்வாளர் அதே ஆண்டில் இந்த எண்களின் குறையை எடுத்துக்காட்டி, கணிப்புத் திறனை அளக்க வேறு வழி தேவை என்று எழுதினார்.

இதைக் கேட்டு ஃபின்லியை எள்ளி நகையாடினால் அது நியாயமாகாது. வந்த 51 டொர்னாடோக்களில் 28ஐ அவர் முன்கூட்டியே சொன்னார். எப்போதும் "வராது" என்பவர் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார். குறை ஃபின்லியின் உழைப்பில் இல்லை, "எத்தனை சரி?" என்று மட்டும் எண்ணிய அளவுகோலில்தான் இருந்தது.

அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு செடிக்கு உரமிட்டு, இன்னொரு செடிக்கு இடாமல் வைத்துப் பார்க்கிறோம். உரமிடாத அந்தச் செடி இல்லையென்றால், உரத்தால் எவ்வளவு வளர்ந்தது என்று சொல்ல முடியாது. கணிப்புக்கும் அப்படி ஒரு கட்டுப்பாட்டுச் செடி வேண்டும். "எப்போதும் ஜேடிடிதான்" என்று சொல்பவர்தான் அந்தச் செடி. அவரை நீங்கள் எவ்வளவு முந்துகிறீர்கள் என்பதே உங்கள் அறிவின் அளவு. ஜேடிடி தடுமாறப் போகும் அந்த ஓரிரு வாரங்களை முன்கூட்டியே உணர்ந்து சொன்னவருக்கு நான் கைதட்டுவேன்.

சொல்லாதீர்கள், எண்ணால் எழுதுங்கள்

அடுத்த குறை, "வெல்லும்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. சிங்கப்பூருக்கு அருகே இருக்கிறது ஜோகூர் பாரு என்பதைப் போல உறுதியாகத் தெரிந்து "வெல்லும்" என்கிறீர்களா, அல்லது அரைகுறை நம்பிக்கையோடு சொல்கிறீர்களா? சொல்லில் அது தெரியாது. படிவம் 2 கணிதத்தில் கெபராங்காலியான் என்ற பெயரில் நீங்கள் படிக்கும் நிகழ்தகவு இங்கேதான் கைகொடுக்கிறது. "ஜேடிடி வெல்ல 80 விழுக்காடு வாய்ப்பு" என்று சொன்னால் உங்கள் நம்பிக்கையின் அளவு வெளியே வந்துவிடுகிறது.

அப்படிச் சொன்ன பிறகு ஜேடிடி தோற்றால் உங்கள் கணிப்பு பொய்யா? ஒரே ஆட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கான எளிய வழியை 1950இல் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர் வகுத்துத் தந்தார். உங்கள் எண்ணைத் தசமமாக எழுதுங்கள். நீங்கள் சொன்னது நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். எல்லா ஆட்டங்களுக்கும் சராசரி காணுங்கள். எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்ல கணிப்பு.

ஓர் எடுத்துக்காட்டு. 10 ஆட்டங்களில் ஜேடிடி 8இல் வென்றது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாணவர் ஒவ்வொரு முறையும் "100 விழுக்காடு வெல்லும்" என்றார். சரியான 8 ஆட்டங்களுக்கு அவருக்குப் பிழை 0. தவறிய 2 ஆட்டங்களுக்குத் தலா 1. சராசரி 0.20. இரண்டாம் மாணவர் ஒவ்வொரு முறையும் "80 விழுக்காடு" என்றார். வென்ற ஆட்டங்களில் 0.2இன் வர்க்கம் 0.04, வெல்லாத ஆட்டங்களில் 0.8இன் வர்க்கம் 0.64. கூட்டிச் சராசரி எடுத்தால் 0.16. இருவருமே எல்லா வாரமும் ஜேடிடி பக்கம்தான் நின்றார்கள். ஆனால், தம் ஐயத்தையும் சேர்த்துச் சொன்னவர் முந்திவிட்டார்.

மூன்றாம் மாணவர் ஒருவர் காயமடைந்த ஆட்டக்காரர்கள், வெளியூர்ப் பயணம், அடுத்தடுத்த ஆட்டங்களால் வந்த களைப்பு ஆகியவற்றைக் கவனித்து, வென்ற 8 ஆட்டங்களுக்கு 90 விழுக்காடும், வெல்லாத 2 ஆட்டங்களுக்கு 40 விழுக்காடும் கொடுத்திருந்தால் அவருடைய சராசரி 0.04. கணக்கிட்டுப் பாருங்கள். அவர்தான் ஆட்டத்தை அறிந்தவர்.

வலிமையான குழு ஏன் தோற்கிறது?

காற்பந்தில் கோல்கள் மிகக் குறைவு. அதனால் அதிர்ஷ்டத்துக்கு இடம் அதிகம். ஒரு குழு சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 2 கோலும், எதிர்க்குழு 1 கோலும் அடிக்கக்கூடியவை என்று வைத்துக்கொள்வோம். முதல் குழு இரு மடங்கு வலிமை உடையது. புவாசோன் பரவல் என்ற கணித முறையில் கணக்கிட்டால் அது வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 61 விழுக்காடுதான். சமநிலைக்கு 21 விழுக்காடு, தோல்விக்கு 18 விழுக்காடு. இரு மடங்கு வலிமை இருந்தும் 10 ஆட்டங்களில் ஏறத்தாழ 4இல் வெற்றி கிட்டாது!

பூப்பந்தில் இப்படி நடப்பது குறைவு. ஒரு செட்டை வெல்லவே 21 புள்ளிகள் வேண்டும். அத்தனை புள்ளிகளில் ஓரிரு தற்செயல்கள் கரைந்துபோகும். ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீட்டைப் பலமுறை எடுத்துச் சராசரி காண்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

தற்செயலுக்கு இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்கர்கள் காற்பந்து என்று அழைப்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அவர்களுடைய தேசிய லீக்கில் 32 குழுக்கள் உள்ளன. எல்லாக் குழுவும் களமிறங்கும் வாரத்தில் 16 ஆட்டங்கள். அந்த 16 வெற்றியாளர்களையும் கணிப்பது அங்கே வாராந்திரப் பொழுதுபோக்கு. இப்போது 100 பேர் ஒன்றும் தெரியாமல், ஆட்டத்துக்கு ஒரு முறை காசைச் சுண்டிக் கணிக்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களில் 4 பேர் அளவுக்கு 12 அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்டங்களைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அந்த 4 பேரை மட்டும் தொலைக்காட்சியில் காட்டினால் நாம் அவர்களை மேதைகள் என்போம்.

2010 உலகக் கிண்ணத்தில் ஜெர்மனியின் பால் என்ற ஆக்டோபஸ் 8 ஆட்டங்களையும் சரியாகக் கணித்து உலகப் புகழ் பெற்றது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் அதற்கான வாய்ப்பு 256இல் 1. அபூர்வம்தான். ஆனால், உலகெங்கும் எத்தனை விலங்குகளையும் பறவைகளையும் வைத்து மக்கள் கணிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தோற்றவை செய்தியாவதில்லை. அதே ஆக்டோபஸ் 2008 ஐரோப்பியக் கிண்ணத்தில் 6இல் 4ஐத்தான் சரியாகச் சொன்னது என்பதும் பலருக்கு நினைவில்லை.

இதை நான் ஏன் வலியுறுத்துகிறேன்?

உங்கள் கைப்பேசிக்கு ஒரு நாள் இப்படி ஒரு செய்தி வரலாம்: "5 வாரங்களாக நாங்கள் சொன்னது எல்லாம் பலித்தது. 6ஆவது வாரக் கணிப்புக்கு 50 ரிங்கிட் மட்டுமே." நீங்களே சரிபார்த்திருப்பீர்கள், 5 வாரமும் பலித்தது உண்மையாகவே இருக்கும். ஆனால் அதன் பின்னணி என்னவாக இருக்கலாம் தெரியுமா? முதல் வாரம் 320 பேருக்குச் செய்தி அனுப்புகிறார்கள். பாதிப் பேரிடம் "வெல்லும்", மீதிப் பேரிடம் "வெல்லாது". பலித்த 160 பேருக்கு மட்டும் அடுத்த வாரம் மறுபடியும் பாதிப் பாதி. பிறகு 80, 40, 20. ஐந்தாம் வார முடிவில் 10 பேர் மிஞ்சுவார்கள். அந்த 10 பேரும் ஐந்துக்கு ஐந்து பலித்ததைக் கண்ணால் கண்டவர்கள். மற்ற 310 பேரை அவர்களுக்குத் தெரியாது. அனுப்பியவருக்கோ காற்பந்தைப் பற்றி எதுவுமே தெரியாது.

பந்தயத்தில் பணம் போவது ஒருபுறம் இருக்க, சட்டத்துக்குப் புறம்பான பந்தயம் 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

"காற்பந்துக் கணிப்பை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் மாணவர்கள் சூதாட்டத்துக்குப் பழகிவிடுவார்கள்" என்று சிலர் அஞ்சுகிறார்கள். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. சிற்றுண்டிச்சாலையில் தினமும் நடக்கும் பேச்சை வகுப்பறையில் பேசாமல் விட்டால், அதை வேறு யாரோ கற்றுக்கொடுப்பார்கள். நிகழ்தகவு தெரிந்த மாணவரிடம் "உறுதியான வெற்றி" என்ற சொல்லை விற்பது கடினம். அறியாமையில்தான் சூதாட்டம் செழிக்கிறது. எனவே, பள்ளி அறிவியல் கழகங்கள் இதை ஒரு நடவடிக்கையாகவே எடுத்து நடத்த வேண்டும் என்பது என் கருத்து.

அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஒரு நோட்டுப்புத்தகம் போதும். ஆட்டத்துக்கு முன்பே தேதி, இரு குழுக்களின் பெயர், உங்கள் விழுக்காடு, அதற்கான காரணம் ஆகியவற்றைப் பேனாவால் எழுதுங்கள். பிறகு அழிக்கக் கூடாது. தவறிய கணிப்புகளையும் அப்படியே வைத்திருங்கள். கற்றுக்கொள்ள உதவுபவை அவைதாம். பக்கத்தில் "எப்போதும் ஜேடிடி" என்று சொல்பவருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். 10 வாரங்கள் கழித்துப் பிரையர் முறையில் இரண்டையும் ஒப்பிடுங்கள். பணத்துக்கு இதில் இடமே இல்லை.

இந்தப் பழக்கம் காற்பந்தோடு நிற்காது. ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை வரும்போது ஜோகூரில் வெள்ளம் ஒவ்வொரு குடும்பத்தின் கவலை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளத்தை உங்கள் பெற்றோர் நினைவில் வைத்திருப்பார்கள். "70 விழுக்காடு மழை" என்று கைப்பேசி காட்டி, மழை வராமல் போனால், "இவர்கள் சொல்வது எதுவும் நடப்பதில்லை" என்று சலித்துக்கொள்கிறோம். அந்தக் கணிப்பிலேயே 30 விழுக்காடு வராமல் போகும் வாய்ப்பும் சொல்லப்பட்டிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாதவர், அடுத்த முறை வெளியேறச் சொல்லி எச்சரிக்கை வரும்போது வீட்டிலேயே இருந்துவிடலாம். அங்கே தோற்பது ஓர் ஆட்டம் அன்று.

இந்த வார ஆட்டம் எப்போது என்று பாருங்கள். அதற்கு முன் நோட்டில் முதல் எண்ணை எழுதிவிடுங்கள்.